இவருக்காக யார் நம்புவது

நவம்பர் 3, திங்கள்

மழை விடவில்லை. நேற்றுக் கொடியில் போட்ட துணி அப்படியே தொங்குகிறது. கரண்ட் வருகிறது, போகிறது. மோட்டார் போட முடியவில்லை.

இவருடைய வெள்ளைச் சட்டையில் கறை. எலுமிச்சை தேய்த்தேன், சோப்பு தேய்த்தேன். வெளிறியது, போகவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, பீட்ரூட்டா?"

"ஆமா" என்றேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. திராட்சரசம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முழுதும் சொல்ல வேண்டும்.

எழுதிவிடுகிறேன். காலையிலிருந்து தலைக்குள் இதுவே ஓடுகிறது.

நேற்றுத் திருவிருந்து ஆராதனை. மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் அப்பமும் திராட்சரசமும் உண்டு. எங்கள் வரிசை வந்ததும் இவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். முழங்கால் போட வைத்தேன். அதுவரை எல்லாம் சரி. ஆயர் அப்பத்தைக் கையில் வைத்தார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பஸ் டிக்கெட் மாதிரி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வாயில போடுங்க" என்று காதில் சொன்னேன். அதற்குள் திராட்சரசப் பாத்திரம் வந்துவிட்டது. "டீ வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்று உரக்கச் சொல்லிக் கையால் தள்ளினார். ஆயருடைய வெள்ளை அங்கியில் பாதி. இவர் சட்டையில் பாதி.

ஆர்கன் ஒலித்துக்கொண்டே இருந்தது. இவர் சிரித்தார். பின்னால் ஏதோ குழந்தையும் சிரித்தது. பக்கவாசல் வழியாக இவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். குடையை எடுக்கவில்லை. ஆட்டோ கிடைக்கும்வரை நனைந்தோம்.

லேப் டெக்னீசியனாக வேலைக்காலம் முழுக்க ரத்தம் பார்த்தவள். கறையைக் கண்டு பதறுகிற ஆள் இல்லை நான். ஆனால் நேற்றுக் குடையைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

இவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்து மூன்று வருடம் இருக்கும். ஆவடியில் ஃபாக்டரி ஃபோர்மேனாக இருந்தவர். ஒரு ஷிப்டில் இருக்கும் அத்தனை பேர் பெயரும், அவர்கள் பிள்ளைகள் பெயரும் சொல்லுவார். முதலில் பெயர்கள் போயின. பிறகு நாள், கிழமை, வழி. என் பெயர் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. ஆண்டவர் பெயரும் போய்விட்டது. போன மாதம் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி, "இந்தத் தாடிக்காரர் உங்க சொந்தமா?" என்று கேட்டார். ஆமா என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. வெயிலும் இல்லை. வாங்க வேண்டியது: ரவை, டயப்பர் (பெரியவர்களுக்கு), கொசுவர்த்தி. இவர் மாத்திரை பட்டாபிராமில் ஒரு கடையிலும் இல்லை. ஆவடி போக வேண்டும். எப்படிப் போக, இவரை எங்கே விட?

எட்வின் அண்ணன் வந்தார், நாங்கள் கோயிலில் விட்ட குடையோடு. சபைச் செயலாளர். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இவரும் அவரும் ஒரே ஊர்ப்பக்கம், ஏறக்குறைய ஒரே சமயம் வேலைக்காக இங்கே வந்தவர்கள். பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அடிக்குரல் இரண்டு பேருக்கும்.

"தங்கராஜ், நான் யாருன்னு தெரியுதா?"

இவர் நன்றாக உற்றுப் பார்த்தார். "ரீடிங் எடுக்க வந்தீங்களா? மீட்டர் வெளிய இருக்கு."

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. உட்கார்ந்தார். கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

"எஸ்தர், தப்பா எடுத்துக்கிடாத. கமிட்டில ரெண்டு மூணு பேர் பேசுதாங்க. திருவிருந்துங்கிறது உணர்ந்து வாங்க வேண்டியது. என்ன வாங்குதோம்னே தெரியாம வாங்கலாமா? மத்த ஞாயித்துக்கிழமை தாராளமா கூட்டிட்டு வா. அந்த ரெண்டு வாரம் மட்டும்..."

"மட்டும்?"

"வீட்டுல இருக்கட்டும்."

காபி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன், அவர் போன பிறகு டம்ளரில் மிச்சம் இருந்ததைக் குடித்தபோதுதான் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்திருக்கிறார்.

சொல்ல வேண்டியதெல்லாம் அவர் போன பிறகே வரிசையாக வந்தது. நீங்கள் தெரிந்துதான் வாங்குகிறீர்களா அண்ணே? இத்தனை வருடமாக வாங்குகிறேன், எனக்குத் தெரியுமா அது என்னவென்று? பாத்திரம் தேய்த்துக்கொண்டே சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல. இவர் வந்து நின்றார். "யாரைப் பிடிச்சு ஏசுத?"

பெங்களூரிலிருந்து மகன் போன். எல்லாம் சொன்னேன். "அம்மா, பேசாம ஆன்லைன்ல பாருங்க. அவரையும் கஷ்டப்படுத்தி, நீங்களும் கஷ்டப்பட்டு... ஆண்டவர் எல்லா இடத்துலயும்தானே இருக்கார்?"

இருக்கார். இல்லை என்று நான் சொல்லவில்லையே. பிறகு எதற்கு மனம் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது? அதை அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பீரோவை ஒழித்தேன். மறுபடி அடுக்கினேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இவர் ஹாலில் நடக்கிறார், நான் அடுப்படியில் நடக்கிறேன். கூண்டில் இரண்டு.

தோசைமாவு புளித்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். கோயிலுக்குப் போகவில்லை. இன்று திருவிருந்து இல்லை, போயிருக்கலாம். வீம்பு.

மகன் சொன்னபடி டிவியில் ஆராதனை. ஏதோ பெரிய சபை. விளக்கு, பாட்டு, எல்லாம் நேர்த்தி. இவருக்கு வேட்டி உடுத்தி, தலை சீவி, சோபாவில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஃப்ரிட்ஜ். முன்னால் பார்த்தார். மறுபடி பின்னால்.

"ஏட்டி, இன்னும் யாரும் வரலியே."

"யார் வரணும்?"

"எல்லாரும். மணி அடிச்சிட்டாங்களா? ஒரு ஆளைக் காணும்."

டிவியில் அவ்வளவு கூட்டம் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறது. இவர் அவர்களை ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்டவர் பெயர் மறந்துவிட்டது. ஆட்கள் வர வேண்டும் என்பது மறக்கவில்லை.

கஸ்தூரி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் மாமனார் காலத்தில் இந்த மனையெல்லாம் அவர்கள் கூலிக்கு நாற்று நட்ட வயல். இப்போது அவள் மகன் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான்.

"அய்யா யாருக்காண்டி நின்னுகினு கீறாரு?"

"கோயிலுக்கு ஆள் வரணுமாம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் வேணா வந்து குந்திக்கவா?" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். இவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடங்கிவிட்டார். பிரசங்கம் முடிகிறவரை அசையவில்லை. கஸ்தூரி நடுவில் கொஞ்சம் தூங்கினாள். அதுவும் கோயில் மாதிரியேதான் இருந்தது.

போகும்போது கேட்டாள். "ஏங்க்கா, உங்க ஆளுங்கோ யாரும் வர்றதே இல்லியா?"

"எல்லாருக்கும் வேலை" என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

தூறல். ஆயர் வந்தார். பெயர் ஷீலா. ஜூன் மாதம்தான் எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பெண் ஆயரை எப்படிக் கூப்பிடுவது என்று சபைக்கு இன்னும் குழப்பம். ஆண் ஆயரைக் கூப்பிட்ட பழக்கத்தில் ஐயர் என்று வாய்வரை வந்து அம்மா என்று முடிக்கிறார்கள்.

"அங்கில கறை போச்சா?" என்று கேட்டேன்.

"போகலைம்மா. பரவாயில்ல, அதையேதான் போட்டுக்கிறேன். நேத்து உங்களைக் காணோமே?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. எட்வின் அண்ணன் வந்தது, சொன்னது, எல்லாம் கொட்டினேன். கடைசியில் கேட்டேன்.

"இவருக்கு ஆண்டவர் பேரே ஞாபகம் இல்ல. அப்ப விசுவாசம்னு எதைச் சொல்றது? இத்தனை வருசம் வெச்சிருந்தாரே, அது இப்ப எங்க இருக்கு?"

யோசித்தார். தயாராக வைத்திருந்த பதில் எதையும் எடுத்து நீட்டவில்லை. எனக்குப் பிடித்தது.

"குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கறோமே, அதுக்கு என்னம்மா தெரியும்? பாதி நேரம் தூங்கிட்டிருக்கும். சபைதான் எழுந்து நின்னு, இது எங்க பிள்ளை, நாங்க பாத்துக்கறோம்னு வாக்குக் கொடுக்குது. அதுக்குப் புரியற வரைக்கும் அதுக்காக நாம நம்பறோம். புரிஞ்சதெல்லாம் மறந்து போனப்புறமும் அப்படித்தானே? அவர் விசுவாசம் இப்ப நம்மகிட்டதான் இருக்கு. ஆளாளுக்குத் தனித்தனியா நம்பிக்கிறதுன்னா சபை எதுக்கு?"

அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாக்குக் கொடுக்குதும்மா. எழுந்து நின்னு கொடுக்குது. அப்புறம் உக்காந்துடுது. மூணு வருசத்துல எத்தனை பேர் இந்தப் படி ஏறினாங்க? ஜெபத்துல நினைச்சுக்கறோம்னு மெசேஜ் வரும், கை கூப்பின பொம்மை போட்டு. இவரைக் குளிப்பாட்டறது யாரு? துணி மாத்தறது யாரு? எல்லாரும் ஒரே சரீரம், ஆளுக்கொரு அவயவம்னு பிரசங்கம் பண்றீங்க. இந்த அவயவம் இங்க கிடக்கே, அந்தச் சரீரத்துக்கு வலிக்கவே இல்லியா?"

இவர் நடப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். ஆயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்து இவ்வளவு மாசம் ஆச்சு. இன்னைக்குத்தான் நானும் படி ஏறியிருக்கேன்" என்றார். மன்னிப்பு எதுவும் சேர்க்கவில்லை. "புதன்கிழமை கமிட்டி இருக்கு. வாங்க. என்கிட்ட சொன்னதை அங்க சொல்லுங்க."

ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒருவர் ஜெபிக்கக் கேட்டு நான் வேண்டாம் என்றது இதுதான் முதல் முறை. சரிம்மா என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் கடைசியாக எப்போது ஜெபித்தேன்? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. இவருக்காக நாங்கள் நம்ப வேண்டுமாம். எனக்காக யார்?

நவம்பர் 12, புதன்

சாயங்காலம் கமிட்டி. இவரைக் கஸ்தூரியிடம் விட்டுப் போனேன். ஆலயத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறை, நீள மேஜை, ஃபேன் கடகடவென்று.

ஒருவர் சொன்னார், பயபக்தி குறைந்துவிடும். இன்னொருவர் சொன்னார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரு அக்கா சொன்னாள், பாவம்தான், ஆனால் பாவம் பார்த்தால் முறை என்னாவது? உணராமல் வாங்கக் கூடாது என்று அப்போஸ்தலர் சபைக்கு எழுதிய நிருபத்திலேயே இருக்கிறதே?

ஆயர் கேட்டார், "அது யாரைப் பாத்து எழுதினது? அந்தச் சபையில வசதியானவங்க முன்னாடியே வந்து சாப்பிட்டு முடிச்சிட்டாங்க. கூலி வேலை முடிச்சு லேட்டா வந்தவங்க பசியோட நின்னாங்க. பக்கத்துல நிக்கிறவனைக் கண்ணுக்குத் தெரியாதவங்களைப் பாத்துத்தான் நீங்க சரீரத்தை உணரலைன்னு அப்போஸ்தலர் கோபப்பட்டார். மறதிக்காரரைப் பாத்து இல்ல."

எட்வின் அண்ணன் எழுந்தார். எழுந்து பேச வேண்டிய அவசியமே இல்லை, சின்ன அறை. "நான் முறைக்காகச் சொல்லல. தங்கராஜ் நடுக்கோயில்ல நின்னு பாடினா சன்னல் கண்ணாடி அதிரும். இப்ப அவனைப் பாத்துச் சின்னப் பிள்ளைங்க சிரிக்குது. எனக்கு... என்னால பாக்க முடியல. அதான் வர வேண்டாம்னு சொல்லுதேன்." உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போயிற்று. ஆனால் பேச வந்ததைப் பேசினேன்.

"அனுமதி கேட்டு நான் வரல. வாரத்துல ஒரு காலைப்பொழுது யாராவது வீட்டுக்கு வந்து இவர் பக்கத்துல உக்காரணும். நான் வெளிய போகணும். எங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஒருவர் தொண்டையைச் செருமினார். "நல்ல விஷயம். இதுக்குன்னு ஒரு துணைக்கமிட்டி போட்டு..."

திருவிருந்துக்கு அவர் வரட்டும், என் பொறுப்பு என்றார் ஆயர். முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் கஸ்தூரியும் இவரும் முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

"இன்னாக்கா சொன்னாங்கோ?"

"துணைக்கமிட்டியாம்."

"அப்டின்னா?"

"எனக்கும் தெரியல."

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன், பெல் அடித்தது. எட்வின் அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை, பாங்குக்குப் போகிற மாதிரி. உள்ளே வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

"நீ போய்ட்டு வா."

"எங்க?"

"எங்கன்னு கேக்கக் கூடாதுன்னியே."

இவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வா, வா. எத்தனை நாளாச்சு. முகமெல்லாம் முள்ளாக் கிடக்கு" என்று நாற்காலியை இழுத்து வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சலூன்காரர் என்று நினைத்துவிட்டார்.

இது உங்க எட்வின், கூடப் பாடுவாரே என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். வாட்சைக் கழற்றி டிவி மேல் வைத்தார். சட்டைக் கையை மடித்தார்.

"ரேசர் எங்க இருக்கு?"

கொடுத்தேன். நான் போயிருக்க வேண்டும். போகாமல் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். தான் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்த மனிதர். குனிந்து, ஒரு கையால் இவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் இழுக்கிறார். நுரை அவர் சட்டையில் வழிகிறது. இவர் கண்ணை மூடிக்கொண்டு ராஜா மாதிரி இருக்கிறார்.

மோவாயில் ஒரு கீறல். "தொழில் தெரியாதவனை எல்லாம் கடையில வெச்சிருக்கானுவ" என்று இவர் சீறினார்.

"மன்னிச்சிரு" என்றார் அண்ணன். பஞ்சை வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார், ரத்தம் நின்ற பிறகும்.

நான் கிளம்பினேன். ஸ்டேஷன். ஆவடிக்கு எதிர்ப்பக்கம் போகும் வண்டி முதலில் வந்தது, அதிலேயே ஏறினேன். வேப்பம்பட்டு வரை போனேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். ஒரு பெண் கொய்யாப்பழம் விற்றாள். வாங்கி, மிளகாய்த்தூள் தொட்டு, முழுசாகத் தின்றேன். பக்கத்தில் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் கை சும்மா கிடந்தது. பத்து நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு கேஸை அணைத்தேனா என்ற கவலை. அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

அணைக்கவில்லைதான். அண்ணன் அணைத்து, இட்லியையும் எடுத்து, இவருக்கு ஊட்டியும் விட்டிருக்கிறார். மாத்திரை ஆவடியில் வாங்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் வருதேன்" என்றார். வாட்சைக் கட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார், "அவன் ஒரு நாளாவது என்னைக் கண்டுபிடிப்பானா எஸ்தர்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "தெரியலண்ணே. என்னையே சில நாள்தான்."

நவம்பர் 16, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. இவர் எழுந்ததிலிருந்து வேட்டியை அவிழ்ப்பதும் நான் கட்டுவதுமாக இருந்தோம். இரண்டு முறை போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்றாம் முறை ஆட்டோ வந்துவிட்டது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர் பிரசங்கத்தில் நடுநடுவே "சரி, சரி" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அல்லது நான் பார்க்கவில்லை.

எங்கள் வரிசை வந்தது. எழுந்து, இவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடகர் குழுவிலிருந்து எட்வின் அண்ணன் இறங்கி வந்தார், அங்கியோடு. இவரது இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் போய் முழங்கால் போட்டோம்.

ஆயர் அப்பத்தை இவர் கையில் வைத்தார். இவர் பார்த்தார். வாயில் போடவில்லை, பையிலும் போடவில்லை. வலப்பக்கம் வரிசையின் கடைசி வரை பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். ஷிப்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

கோயில் முழுக்கக் கேட்டது. பழைய குரல். ஆராதனை முறையில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

"சாப்பிட்டாச்சு தங்கராஜ். நீ சாப்பிடு" என்றார் எட்வின் அண்ணன்.

இவர் என் பக்கம் திரும்பினார். "நீ?"

இல்லை. நான் வாங்கி எவ்வளவோ நாளாகிவிட்டது. இவரைப் பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கையும் வேண்டும். ஒவ்வொரு முறையும் இவரை வாங்க வைத்துவிட்டு எழுப்பிக் கூட்டிப்போவதற்குள் ஆயர் அடுத்தவரிடம் நகர்ந்திருப்பார். சபையில் யாரும் கவனித்ததில்லை. நானே கவனித்ததில்லை.

"இன்னும் இல்ல" என்றேன்.

இவர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எட்வின் அண்ணன் கையை நீட்டி இவர் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். என் கைகள் விடுபட்டன. நீட்டினேன். ஆயர் வைத்தார். நான் வாயில் போட்டு விழுங்குகிறவரை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். மென்றார்.

"உப்பு இல்ல" என்றார்.

பின்னால் பிள்ளைகள் சிரித்தன. எட்வின் அண்ணன் சிரித்தார். ஆயரும்தான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பாத்திரம் வந்தது. இவர் குடித்தார். நான் குடித்தேன்.

மத்தியானம் புளிசாதம், அப்பளம். ஆசீர்வாதமான நாள் என்று ஆளுக்கு ஒரு மெசேஜ், கை கூப்பின பொம்மையோடு. துணைக்கமிட்டி இன்னும் கூடவில்லை. அந்த அக்கா மட்டும், பாவம் பார்த்தால் முறை என்னாவது என்றவள், செவ்வாய்க்கிழமை வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வாங்க என்று போட்டேன். வருவாளா, தெரியாது. கஸ்தூரி வீட்டுக்குப் புளிசாதம் கொடுக்க வேண்டும். இவர் மாத்திரை நாளைக்கு ஒரு வேளைக்குத்தான்...

கேட் சத்தம். இவர் கிளம்பிவிட்டார், செருப்பில்லாமல், மழையில்.